முட்டைக்கூட்டு நூற்புழு: வைவாவில் நான் மாட்டிய இடம்

நூற்புழுவியலை, அதாவது நூல் போன்ற நுண்புழுக்களைப் பற்றிய பாடத்தை, விருப்பமாக எடுத்த ஜூனியர்கள் வருடா வருடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இத்தனை புழுவின் உடலமைப்பையும் அது எந்தெந்த ஊரில் இருக்கிறது என்பதையும் எப்படி ஞாபகம் வைத்துக்கொண்டீர்கள்?" நான் வைத்துக்கொள்ளவில்லை. உடலமைப்புக்கு ஒரு நோட்டு, பரவலுக்கு ஒரு நோட்டு என்று பிரித்து எழுதி மனப்பாடம் செய்து, முதல் வைவாவிலேயே, அதாவது வாய்மொழித் தேர்விலேயே, மாட்டிக்கொண்டவன் நான். எப்படி மாட்டினேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

மேசையில் ஒரு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப். வாட்ச் கிளாஸில் கசகசாவை விடச் சிறிய பழுப்பு உருண்டைகள் நாலைந்து. பார்த்ததுமே உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு, குளோபோடெரா ரோஸ்டோகியென்சிஸ் என்று சொல்லிவிட்டேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மேடம், "எங்கெல்லாம் இருக்கு?" என்றார். நோட்டில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரத்துப் பெயரைத் தாங்கி 1923-ல் வோலன்வெபர் விவரித்த இனம். 1941-ல் அமெரிக்காவில் நியூயார்க்கின் லாங் ஐலண்டு. 1961-ல் இங்கிலாந்திலிருந்து வந்த எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் நம் ஊட்டி விஜயநகரம் பகுதியில் கண்டுபிடித்தார். பிறகு கொடைக்கானல் மலை.

"சரி. ஊட்டிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குத்தானே இறங்குது? மூட்டையோட செம்மண்ணும் ஒட்டிக்கிட்டு வருது. அப்ப மேட்டுப்பாளையத்துல ஏன் இந்தப் புழு இல்ல?"

"அங்கே உருளைக்கிழங்கு போடறதில்லை, மேடம்."

"ஏம்ப்பா, தக்காளி, கத்தரி கூடவா போடறதில்லை?"

தக்காளியும் கத்தரியும் இதே புழுவுக்கு உணவுச் செடிகள் என்று என் முதல் நோட்டின் நாலாம் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன். ஆனால் அந்தப் பக்கத்துக்கும் இரண்டாவது நோட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. பேசாமல் நின்றேன்.

விடை வெப்பத்தில் இருக்கிறது. மண் வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் இந்தப் புழுவுக்குக் கொண்டாட்டம். 28 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். முட்டைக்கூடு கீழே வந்து சேரலாம், அதிலிருந்து புழு வெளியே கூட வரலாம், குடும்பம் நடத்த முடியாது. லாங் ஐலண்டு, ஜெர்மனி, ஊட்டி எல்லாம் ஒரே பட்டியலில் வருவது எப்படி என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எல்லாம் உருளைக்கிழங்கு விளையும் குளிர்ந்த மண்.

அடுத்த முறை படிக்கும்போது நோட்டை மாற்றினேன். ஒவ்வொரு உறுப்பையும் எழுதி, பக்கத்தில் 'அதனால் என்ன?' என்று ஒரு பத்தி போட்டேன். இந்தப் புழுவுக்கு அது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

முட்டையிலிருந்து வெளியே வருவது இரண்டாம் நிலை இளம்புழு, நாம் ஜே2 என்போம். முதல் தோலுரிப்பு முட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். நீளம் அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. வாயில் ஊசி போன்ற ஸ்டைலெட், அடியில் மூன்று குமிழ். அதனால் என்ன? இந்த ஊசியை வைத்துத்தான் முட்டை ஓட்டைக் கிழித்து வெளியே வரும், வேரையும் துளைக்கும். ஆனால் கண்ட நேரத்தில் வராது. வெறும் தண்ணீர் பட்டால் ஒரு சிறு பங்குதான் பொரியும். உருளைக்கிழங்கு வேரின் கசிவு பட்டால்தான் கும்பலாக வரும். பக்கத்தில் சாப்பாடு இருக்கிறது என்று தெரிந்த பிறகு கதவைத் திறக்கும் புழு இது.

வேருக்குள் போய் ஓரிடத்தில் உட்கார்ந்து, சுற்றியுள்ள செல்களை ஒன்றாக்கி சின்சிட்டியம் என்ற உணவுக் கிடங்கை அமைத்துக்கொள்ளும். பெண் புழு அங்கேயே உருண்டு திரண்டு, வேர்த் தோலைக் கிழித்துக்கொண்டு உடம்பை வெளியே தள்ளும். தலையும் கழுத்தும் மட்டும் வேருக்குள். ஆண் மெலிந்த நூலாகவே இருந்து மண்ணுக்குத் திரும்பிவிடும். பெண்ணின் நிறம் முதலில் வெள்ளை, பிறகு தங்க மஞ்சள், செத்ததும் பழுப்பு. அந்த நடு நிறத்தால்தான் தங்க நூற்புழு என்ற பெயர். கூடப் பிறந்தது போன்ற குளோபோடெரா பல்லிடாவுக்கு இந்தத் தங்க நிறக் கட்டம் கிடையாது, வெள்ளையிலிருந்து நேராகப் பழுப்பு. 1973 வரை இரண்டையும் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள்.

இனி முக்கியமான இடம். வேர்முடிச்சு நூற்புழுவின் பெண் முட்டைகளைப் பசை போன்ற பொதியில் வெளியே இடும். இது இடாது. 200 முதல் 500 முட்டை வரை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு செத்துப்போகும், தோல் பதனிட்டதுபோல் இறுகிக் கூடாகிவிடும். அதைத்தான் சிஸ்ட் என்கிறோம். உள்ளே இருக்கும் முட்டைகள் 20 வருடத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். அதனால் என்ன? ஜே2-வால் தானாக ஒரு மீட்டர் நகர்வதே பெரிய விஷயம். கடல் தாண்டியது சிஸ்ட். விதைக்கிழங்கின் கண்ணில் ஒட்டிய மண், கோணிப்பை, மண்வெட்டி, செருப்பு. நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்கு 1971-ல் தடை வந்ததும், 2018-ல் இமாச்சலம், உத்தரகாண்ட், ஜம்மு காஷ்மீர் விதைக்கிழங்குக்குத் தடை வந்ததும் இந்த ஒரு உறுப்பால்தான். பரவல் பற்றிய பக்கம் முழுவதையும் செத்த அம்மாவின் தோலிலிருந்தே எழுதிவிடலாம்.

செய்முறைக்கு வருவோம். பதட்டத்தில் எல்லோரும் தவறும் இடம் மண்ணைக் கழுவுவது. எனக்கு ஈர மண் கொடுத்தார்கள். அப்படியே ஃபென்விக் கேனில், அதாவது மண்ணைக் கழுவி சிஸ்டை மிதக்கவிட்டுப் பிரிக்கும் பாத்திரத்தில், போட்டு அரை மணி நேரம் தண்ணீர் விட்டேன், ஒன்றும் வரவில்லை. சிஸ்ட் மிதப்பது உள்ளே காற்று இருப்பதால். மண் நன்றாக நிழலில் காய்ந்திருந்தால்தான் அது மிதக்கும், ஈரம் ஏறிய சிஸ்ட் கல் மாதிரி அடியில் கிடக்கும். மண் ஈரமாக இருந்தால் வாயைத் திறந்து, 'காய வைக்க வேண்டும்' என்று சொல்லிவிடுங்கள், அதற்கே மார்க் உண்டு. பேர்மன் புனலைத் தொடவே வேண்டாம். அது உயிரோடு நெளிகிற புழுவுக்கு, சிஸ்ட் எங்கே நெளியப்போகிறது? 60 மெஷ் சல்லடையில் நின்றதைப் பீக்கரில் விட்டு, உள்சுவரில் ஃபில்டர் பேப்பர் பட்டை ஒட்டிவைத்தால், மிதக்கும் உருண்டைகள் நீர்மட்டக் கோட்டில் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். ஈரத் தூரிகை நுனியால் எடுத்துக்கொள்ளலாம்.

மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்லும் ஸ்பாட்டரில் குழப்புவதற்கு ஹெட்டிரோடெரா என்ற இன்னொரு முட்டைக்கூட்டு நூற்புழுவையும் வைப்பார்கள். அது எலுமிச்சை வடிவம், பின்பக்கம் கூம்பு துருத்தியிருக்கும். குளோபோடெரா உருண்டை, கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், கூம்பு இருக்காது.

இரண்டு குளோபோடெராவையும் பிரிக்கச் சொன்னால் சிஸ்டின் பின்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். ஊறவைத்த சிஸ்டைக் கண் அறுவை பிளேடால் வெட்டி, முட்டைகளைத் தூரிகையால் தள்ளி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, கிளிசரின் ஜெல்லியில் வைக்க வேண்டும். பெண்குறித் துளை இருந்த இடத்தில் வட்டமான ஜன்னல் தெரியும், சற்றுத் தள்ளி ஆசனவாய் ஒரு புள்ளியாக. இரண்டுக்கும் நடுவே உள்ள வரிகளை எண்ணுங்கள். ரோஸ்டோகியென்சிஸில் பெரும்பாலும் 14-க்கு மேல், பல்லிடாவில் அதற்குக் கீழ். அப்புறம் கிரானெக் விகிதம். ஆசனவாயிலிருந்து ஜன்னலின் அருகிலுள்ள விளிம்பு வரை 60 மைக்ரான், ஜன்னலின் குறுக்களவு 16 மைக்ரான் என்றால் 60-ஐ 16-ஆல் வகுத்து 3.75. மூன்றுக்கு மேல் இருந்தால் ரோஸ்டோகியென்சிஸ் பக்கம், குறைந்தால் பல்லிடா பக்கம். 'பக்கம்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டின் அளவுகளும் ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரே சிஸ்டை அளந்து அடித்துச் சொன்னால் தேர்வாளர் சிரிப்பார், பல சிஸ்டின் சராசரியைச் சொல்லுங்கள். கூடவே ஜே2-வின் ஸ்டைலெட் குமிழையும் பாருங்கள். ரோஸ்டோகியென்சிஸில் உருண்டு பின்பக்கம் சரியும், பல்லிடாவில் முன்னோக்கித் தூக்கி நிற்கும்.

எதிர்ப்புத் திறன் கொண்ட ரகங்களுக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 1985-ல் வந்த குஃப்ரி ஸ்வர்ணா இரண்டு இனங்களையும் தாங்கும் என்பது தெரிந்தால் போதும். முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், பூண்டு போட்டால் எண்ணிக்கை இறங்கும். ஏன் என்று கேட்டால், வேர்க் கசிவு இல்லையென்றால் கதவு திறக்காது என்ற அந்தப் பத்திக்குத் திரும்புங்கள்.

இதில் பாதி எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. கிழங்குச் செடி பூக்கும் சமயத்தில் நீலகிரித் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். வாடிய மாதிரி நின்ற செடியைப் பிடுங்காமல், சுற்றிலும் மண்வெட்டியால் தோண்டி மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசினோம். பிடுங்கினால் வேரில் மணிபோல் ஒட்டியிருக்கும் பெண் புழுக்கள் உதிர்ந்துவிடும். வேர் முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாக ஊசி முனையளவு மணிகள். லென்ஸ் கூடத் தேவைப்படவில்லை. கிளம்பும்போது தோட்டக்காரர் பிரஷ்ஷும் வாளியும் கொடுத்து, "ஷூவைக் கழுவிட்டுப் போங்க தம்பி" என்றார். அடுத்த வைவாவில் பரவல் பற்றிய கேள்விக்கு அந்த வாளியிலிருந்துதான் பதிலை ஆரம்பித்தேன். பாதியிலேயே போதும் என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.