செவன் சிஸ்டர்ஸ்: காலையில் குன்று, பிற்பகலில் காடு

தென் இங்கிலாந்தின் செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் சீஃபர்டில் ரயில் இறங்கி, ஈஸ்ட்போர்ன் வரை கரையோரமாகவே 22 கிலோமீட்டர் நடப்பார்கள். நல்ல நடைதான். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் குக்மியர் ஆற்றோரச் சிற்றூரான எக்ஸீட்டில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் வட்டப் பாதையைத்தான் நான் சொல்வேன். சுமார் 13 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் ஐந்து மணி நேரம். முதல் பாதி கடல், அடுத்த பாதி ஃப்ரிஸ்டன் காடு.

லண்டன் விக்டோரியாவில் ஏறி, லூயிஸில் மாறி சீஃபர்ட் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து 12ஆம் எண் பேருந்து எக்ஸீட்டில் நிற்கும்.

குன்றை முதலில் முடித்துவிட வேண்டும். வசந்த காலத்தில் கடல் நீர் இன்னும் 10 டிகிரி அளவில்தான் இருக்கும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, நண்பகல் வாக்கில் கடற்காற்று பலமாகிவிடும். மேட்டில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. காலையில் குன்றைக் கடந்துவிட்டால், காற்று வலுக்கும் நேரத்தில் நீங்கள் மரங்களுக்குள் இருப்பீர்கள். கால் சோராதபோதே ஏற்றங்களை முடித்துவிடுவதும் ஒரு லாபம்.

எக்ஸீட்டிலிருந்து குக்மியர் ஆற்றை ஒட்டித் தெற்கே போய் ஹேவன் பிரௌ குன்றில் ஏறுங்கள். செவன் சிஸ்டர்ஸின் ஏழு குன்றுகளில் உயரமானது அதுதான், 77 மீட்டர். அதன் பிறகு குன்றுகளின் கிழக்கு முனையான பர்லிங் கேப் வரை ஏறுவதும் இறங்குவதுமாகவே போகும். ஒவ்வொன்றும் சிறியது, ஆனால் செங்குத்தானது. இறக்கங்களில்தான் ஆட்கள் விழுகிறார்கள். மழைக்குப் பிறகு, புல் தேய்ந்து சுண்ணாம்பு வெளியே தெரியும் இடங்கள் சோப்பு தடவியது போல வழுக்கும். ஓட்டத்துக்கான தட்டை அடிச் செருப்பு இங்கே உதவாது. ஆழமான பல் உள்ள காலணி வேண்டும். நடுப்பாதை வழுக்கினால் உள்நிலப் பக்கத்துப் புல்லில் கால் வையுங்கள், கடல் பக்கம் ஒருபோதும் வேண்டாம்.

விளிம்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குறைந்தது ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். குளிர்காலம் முழுக்க மழை நீர் சுண்ணாம்பின் விரிசல்களில் இறங்கி, உறைந்து, பாறையைப் பிளந்து வைத்திருக்கும். அடிப்பக்கத்தை அலை அரிப்பதால், மேலே நிற்கும் புல்தரைக்குக் கீழே பல இடங்களில் வெறும் காற்றுதான் இருக்கும். மேலே நிற்பவருக்கு அது தெரியாது. கிழக்கே தெரியும் பெல் டவுட் கலங்கரை விளக்கத்தை 1999இல் அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தது இந்த அரிப்புக்குப் பயந்துதான்.

கீழே கடற்கரை வழியாகப் பர்லிங் கேப் போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம். நடுவில் மேலே ஏற வழியே இல்லை. கடல் ஏறினால் பாறைச்சுவருக்கும் தண்ணீருக்கும் இடையில் மாட்டிக்கொள்வீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் இன்னும் உயரமாக வரும். கடல் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் அச்சிட்ட அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடைக்கால நேரம் தொடங்கும் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அவற்றோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். யாராவது மாட்டிக்கொண்டதைக் கண்டால் அவசர எண்ணான 999ஐ அழைத்து, கடலோரக் காவல்படை வேண்டும் என்று கேளுங்கள்.

பர்லிங் கேப்பில் கழிப்பறை, சிற்றுண்டிக் கடை உண்டு. எக்ஸீட்டுக்கும் இதற்கும் நடுவே ஒன்றும் கிடையாது என்பதால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். காற்று குளிர்ந்திருப்பதால் வெயில் சுடுவது தெரியாது. மூக்கும் பின்கழுத்தும் மாலையில்தான் எரியும். பழுப்பு நிறத்தவருக்கும் சன்ஸ்கிரீன் தேவைதான்.

இனி காடு. பர்லிங் கேப்பிலிருந்து வெண்ட் ஹில் மேட்டின் மீது வடக்கே ஏறி, ஈஸ்ட் டீன் ஊருக்குள் இறங்குங்கள். அடுத்து ஃப்ரிஸ்டன் தேவாலயம், அதை ஒட்டிய குளம். அங்கே ஏ259 சாலையைக் கடக்க வேண்டும், வண்டிகள் வேகமாக வரும் இடம். மறுபக்கம் காடு. இது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் நட்டு வளர்த்த பீச் (beech) மரக்காடு. ஏப்ரல் இறுதியில் இலை விரியும்போது உள்ளே வெளிச்சமே இளம்பச்சையாக இருக்கும். ப்ளூபெல் என்னும் நீலப் பூக்களின் கம்பளத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அதற்குப் பழங்காடு வேண்டும், ஹெயில்ஷமுக்குப் பக்கத்து அபட்ஸ் வுட் சரியான இடம். அங்கேயும் படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு இறங்காதீர்கள். இலை மிதிபட்டால் கிழங்குக்கு உணவு போகாது, செடி தேறப் பல வருடங்கள் ஆகும்.

ஃப்ரிஸ்டனில் வழி தவறுவது சுலபம். மரம் வெட்டும் வண்டித் தடங்கள், சைக்கிள் தடங்கள் எல்லாம் பொதுப் பாதையைக் குறுக்கே வெட்டிப் போகும். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்25 வரைபடத்தில் பொதுப் பாதையைக் காட்டும் பச்சைக் கோட்டைப் பார்த்து, மேற்கே வெஸ்ட்டீன் கிராமம் வரை போங்கள். அங்கிருந்து படிகளில் ஏறிக் கல்சுவரைத் தாண்டினால் குக்மியரின் வளைவுகள் முழுதாகத் தெரியும். கீழேதான் பேருந்து நிறுத்தம்.

பேருந்துக்குக் காத்திருக்கும்போதே கணுக்கால், முழங்காலின் பின்பக்கம், இடுப்பு மடிப்பு ஆகியவற்றில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். மார்ச் முதலே புல்லில் அவை இருக்கும். கடித்திருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். எண்ணெய் விடுவதும் நெருப்பு காட்டுவதும் கூடாது. அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் தடிப்பு பரவினால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.