ஆச்சி வீட்டுக்கு மேல ஒரு ரவுண்டு

நான் ப்ளேன் ஓட்ட சொல்லிக் குடுக்குறவன்னு தெரிஞ்சா போதும், காரைக்குடி பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர், "தம்பி, நம்ம வீட்டு மேல ஒருக்கா தாழப் பறங்களேன், மாடியில நின்னு வீடியோ எடுக்குறோம்"னு ஆரம்பிச்சிருவாங்க. செட்டிநாட்டுலயே ரெண்டாம் உலகப்போர் காலத்து ரன்வே கிடக்கே, அங்கேர்ந்து வாங்களேன்னு யோசனை வேற. ரூல் என்னவோ தெளிவாத்தான் இருக்கு, ஊருக்கு மேலன்னா சுத்தி 600 மீட்டருக்குள்ள எது உசரமோ அதுக்கும் மேல 1000 அடி, வெட்டவெளின்னா 500 அடி, அதுக்குக் கீழ பறக்கக் கூடாது.

ஆனா என் பயம் ரூலைப் பத்தி இல்ல, கண்ணைப் பத்தி. செஸ்னா 172ங்குற சின்ன ப்ளேன்ல ஓட்டப் பழகுற பையன் தெரிஞ்ச வீட்டைத் தேடுவான், கானாடுகாத்தான் மாதிரி ஊருன்னா எல்லா முற்றமும் மேலேர்ந்து ஒரே சதுரம்தான், கண்டுபிடிச்சதும் கண்ணு அங்கயே ஒட்டிக்கும், காத்து தள்ளுனதும் வீடு நழுவும், விட மனசு வராம இன்னும் சாய்ப்பான், கூடவே உள்பக்க ரட்டரை, அதான் வாலைத் திருப்புற கால் பெடலை, தன்னால அமுக்குவான், திருப்பம் சரியா இருக்கான்னு காட்டுற டர்ன் கோஆர்டினேட்டர் மீட்டர்ல அந்த கருப்பு உருண்டை கோட்டைத் தாண்டி வெளிப்பக்கம் ஓடிரும், மூக்கு இறங்குதேன்னு யோக்கை, அதான் கைப்பிடி ஸ்டீயரிங்கை, இழுப்பான். உசரத்தை விடாம 45 டிகிரி சாய்ஞ்சு திரும்புனா ஸ்டால் ஸ்பீடு, அதாவது எதுக்குக் கீழ போனா றெக்கை தூக்க முடியாம விட்டுருமோ அந்த ஸ்பீடு, 19 சதவீதம் கூடும், 60 டிகிரின்னா 41. அப்ப ஸ்டால் வார்னிங் ஊதும் பாருங்க, நாதஸ்வரத்துலேர்ந்து சீவாளியை மட்டும் கழட்டி ஊதுன மாதிரி. 3000 அடியில அது ஒரு பாடம், மூக்கை இறக்கி சரி பண்ணிக்கலாம். 500 அடியில ஒரு றெக்கை முந்திக்கிட்டு விழுந்து, சுழண்டுக்கிட்டே இறங்குற ஸ்பின்ல போச்சுன்னா மீட்டு எடுக்க உசரமே கிடையாது. அலாஸ்கால மூஸ் மானைப் பாத்து வட்டமடிச்சே இப்படி விழுந்ததால மூஸ் ஸ்டால்னே பேர் வச்சிட்டாங்க, நம்மூருக்கு ஆச்சி வீட்டு ஸ்டால்னு வைக்கலாம்.

கவனம் போறதுக்கு வீடுதான் வேணும்னு இல்ல. 1972 டிசம்பர்ல ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401, முன் சக்கரம் இறங்கிருச்சுன்னு காட்டுற நோஸ் கியர் லைட் எரியலன்னு காக்பிட்ல எல்லாரும் அந்த பல்பையே நோண்டிக்கிட்டு இருந்தாங்க, ஃப்ளைட் இறங்கிக்கிட்டே போய் மயாமி பக்கத்து சதுப்புல விழுந்துருச்சு. இப்ப போன் வேற, 90 நாட் ஸ்பீடுல, அதாவது மணிக்கு 167 கிலோமீட்டர்ல, போறப்ப ஸ்க்ரீனை 2 செகண்ட் பாத்தா 90 மீட்டருக்கு மேல பாக்காமலே போயாச்சு.

அந்த 90 மீட்டர்ல கரன்ட் கம்பி இருந்தா? கம்பி மேலேர்ந்து தெரியவே தெரியாது, பொட்டலோட கலந்துரும். அதனால கம்பியைத் தாங்குற டவரைத் தேடுடான்னுதான் சொல்லுவேன், லைனைத் தாண்டணும்னா கம்பிக்கு மேல இல்ல, டவர் உச்சிக்கு நேர் மேல, ஏன்னா ரெண்டு டவரோட உச்சியையும் தொட்டுக்கிட்டுப் போற மெல்லிசு கம்பி இருக்கே, அது பக்கத்துல போற வரைக்கும் கண்ணுல படாது.