மனம் சோர்ந்தவரின் வாயையும் பாருங்கள்

ஈறில் இரத்தம் கசிந்தால் பல் மருத்துவர், மனம் வாடினால் கோயில் என்று பிரித்து வைத்துத்தான் யாங்கூனில் நம்மவர்கள் பழகியிருக்கிறோம். இவ்விரண்டுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. தொடர்பு தென்படாத ஆய்வுகளும் உண்டு; ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஆயினும், உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோருக்குக் கடுமையான ஈறு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுவதால், இதைச் சிறு விஷயமாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மனச்சோர்வு ஈறைக் கெடுக்கும் வழிகள் ஓரளவு தெளிவானவை. படுக்கையை விட்டு எழுவதே பாரமாக இருப்பவருக்குப் பல் துலக்குவதும் பாரம்தான். அது நோயின் அறிகுறியே தவிர சோம்பல் அன்று. துலக்காத பல்லில் படியும் கிருமிப் படலம் சில நாட்களிலேயே காரையாக இறுகத் தொடங்குகிறது; இறுகிய பின் அதைத் தூரிகையால் அகற்ற முடியாது. நீண்ட நாள் மன அழுத்தத்தில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனின் சுரப்பு மாறுபடும்போது, கிருமிகளை எதிர்க்கும் உடலின் ஆற்றலும் தடுமாறுகிறது.

எதிர்த் திசையிலும் ஒரு வழி இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஈறு நோயில் எழும் அழற்சிப் பொருள்கள் வாயோடு நிற்காமல் இரத்தத்திலும் கலக்கின்றன. இன்டர்லூகின்-6 போன்ற அதே பொருள்கள் மனச்சோர்வு உள்ளவர்கள் சிலரிடமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. வாய் நாற்றத்தாலும் ஆடும் பற்களாலும் கூச்சப்பட்டு மனிதர்களிடமிருந்து ஒதுங்குவதையும் நான் இதற்கு இணையான காரணமாகவே எண்ணுகிறேன்.

எங்கள் பெரியப்பா காலமான பிறகு, பெரியம்மா சோற்றைக் குறைத்துக்கொண்டு, புகையிலை சேர்த்த வெற்றிலையை நாள் முழுதும் வாயில் அடக்கியிருந்தார். பேசும்போது முந்தானையால் வாயை மறைத்தார். பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டார். வயதாகிவிட்டது என்றே உறவினர்கள் சொன்னார்கள். காரையைச் சுரண்டி எடுத்த பல் மருத்துவர்தான், "அம்மா, இரவில் தூங்குகிறீர்களா?" என்று முதலில் கேட்டவர். எல்லாப் பல் மருத்துவர்களும் அதைக் கேட்க வேண்டும். மனநல மருத்துவர்களும் ஈறைப் பற்றி விசாரிக்க வேண்டும். இருவருமே இரத்தச் சர்க்கரையையும் பார்ப்பது நல்லது, ஏனெனில் நீரிழிவு உள்ளவர்களிடம் ஈறு நோயும் மனச்சோர்வும் கூடுதலாகவே காணப்படுகின்றன.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் சில, குறிப்பாக அமிட்ரிப்டிலின், வாயை உலர்த்திவிடும். உமிழ்நீர் குறைந்தால் பல்லுக்கும் ஈறுக்கும் பாதுகாப்பு குறையும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அடிக்கடி சிறிது தண்ணீர் பருகலாம், உலர்வு தீர இனிப்பு மிட்டாயைச் சப்புவதைத் தவிர்க்கலாம். தாங்க முடியாவிட்டால், வேறு மருந்து உண்டா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேட்கலாம். துலக்கத் தெம்பில்லாத நாட்களில், வீட்டில் ஒருவர் தூரிகையில் பற்பசை வைத்து, தண்ணீரோடு கட்டிலருகே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.