சோலாரை நாமே மாட்டிவிடலாமா?

சித்திரை, வைகாசியில் ஏசி ஓடி, கரண்ட் பில் மூவாயிரத்தை ஒட்டி வந்த பிறகு, மாடியில் சோலார் போட்டுவிடலாம் என்பதில் வீட்டில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. யார் மாட்டுவது என்பதில்தான் இழுபறி. என் தம்பி ஐடிஐ முடித்த எலக்ட்ரீசியன். மதுரை திருநகரில் எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு அவன்தான் வயரிங் செய்தான். "ஆறு பேனல், ஒரு இன்வெர்ட்டர், கொஞ்சம் வயர். இதுக்குப் போயி வெளியாளுக்கு எதுக்குக்கா காசு? டவுன்ஹால் ரோட்டுல சாமான் வாங்கி நானே முடிச்சுர்றேன்" என்றான். அவன் வேலை சுத்தமாக இருக்கும், எனக்குத் தெரியும். அதனால்தான் சட்டென்று வேண்டாம் என்று சொல்ல முடியாமல், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் பில். இதைப் பார்க்காமல் சோலார் பேச்சையே எடுக்கக் கூடாது. நாங்கள் கணக்குப் பார்த்தபோது தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கு தலைகீழாக மாறிவிடும். 500 யூனிட்டுக்கு 1,800 ரூபாய் சுமாருக்கு வருகிற பில், 600 யூனிட்டுக்கு 2,900 பக்கம் போய்விடும். கடைசி நூறு யூனிட்டுக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல். 300 யூனிட்டுக்குள் அடங்குகிற வீட்டுக்கு எழுநூறு ரூபாய் சொச்சம்தான் வரும், அவர்கள் லட்சக்கணக்கில் போட்டு சோலார் மாட்டினால் அந்தக் காசு திரும்பி வருவதற்குள் பிள்ளைகள் காலேஜ் முடித்துவிடுவார்கள். எங்கள் வீடு கோடையில் 600, மற்ற மாதங்களில் 450 என்று ஓடுகிறது. ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு ஒரு நாளைக்கு சராசரியாக நாலு யூனிட் தரும், அப்படிப் பார்த்தால் இரண்டு கிலோவாட்டே ஏறக்குறைய போதும், மூன்று போட்டால் தாராளம்.

அடுத்தது மானியம். தம்பியின் யோசனை முக்கால்வாசி இங்கேயே அடிபட்டுப் போனது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய் நம் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆனால் பதிவு பெற்ற நிறுவனம் மாட்டியிருக்க வேண்டும், பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். நாமே மாட்டினால் கூலியும் லாபமுமாக முப்பதாயிரம் மிச்சம் என்பது தம்பியின் கணக்கு. முப்பதை மிச்சம் பிடிக்க எழுபத்தெட்டை விடுவதா? இந்தக் கேள்விக்கு அவனிடமும் பதில் இல்லை. போதாக்குறைக்கு 2025 செப்டம்பரிலிருந்து சோலார் சாமான் மேல் ஜிஎஸ்டியும் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

சரி, மானியமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பேனலிலிருந்து இறங்கும் அந்த டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வயரில் நான் அவனைக் கை வைக்க விடமாட்டேன். பணத்தைவிட இதுதான் என்னை உறுத்தியது. வீட்டு வயரிங் தெரிந்தவருக்கு மெயினை இறக்கிவிட்டால் கம்பியில் ஒன்றும் இருக்காது என்று கை பழகியிருக்கும். பேனலுக்கு மெயின் கிடையாது. வெயில் இருக்கிற வரைக்கும் அது மின்சாரம் தந்துகொண்டேதான் இருக்கும், பேனலின் டிசியை வீட்டுக்கு ஏற்ற ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரை அணைத்தாலும் மாடியிலிருந்து இறங்கும் வயரில் வோல்டேஜ் அப்படியே நிற்கும். 540 வாட் பேனல் ஒன்றில் ஏறக்குறைய 50 வோல்ட், ஆறையும் வரிசையாகக் கோர்த்தால் 300 வோல்ட் டிசி. வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டு வருவதால் ஸ்விட்சில் கிளம்பும் தீப்பொறி தானாக அணைந்துவிடும், டிசியில் அந்த இடைவெளியே கிடையாது, பொறி பிடித்தால் பிடித்ததுதான். ஏசி மின்சாரத்துக்குச் செய்த எம்சிபியை (ஃபியூஸுக்குப் பதிலாக வைக்கும், தானாக விழும் ஸ்விட்ச்) கொண்டுபோய் பேனல் பக்கம் போட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அணைக்கிற நேரத்தில் அதுவே எரியலாம்.

அப்புறம் பேனல் வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் அந்த எம்சி4 கனெக்டர். பார்க்க விரல் நீளம்தான் இருக்கும், ஆணும் பெண்ணுமாக டிக்கென்று பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் உலோகக் குழாயை அதற்கென்று உள்ள கிரிம்பிங் டூலால் நசுக்க வேண்டும், கட்டிங் பிளேயரால் நசுக்கினாலும் அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் பிடிப்பு தளர்வாக இருந்தால் அந்த இடம் சூடாகிக்கொண்டே போய் ஒருநாள் பிளாஸ்டிக் உருகும். ஒரு கம்பெனியின் ஆணை இன்னொரு கம்பெனியின் பெண்ணோடு பூட்டினாலும் இதே ஆபத்து உண்டு, கடையில் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக் கொடுப்பார்கள், நம்பாதீர்கள். இதை எல்லாம் விளக்கிய பிறகு தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நான் என்னதான்கா செய்யிறது?" என்றான்.

அவன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. முதல் வேலை நிழல் பார்ப்பது. வீட்டுக்காரர்கள் பார்த்தால்தான் உண்டு, ஒருமுறை வந்து டேப் பிடித்துவிட்டுப் போகிறவரால் முடியாது. மதுரையில் சித்திரைத் தொடக்கத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அதிலிருந்து ஆவணி வரை நடுப்பகலில் கொஞ்சம் வடக்கே தள்ளியே நிற்கும். அந்த மாதங்களில் மாடி ஏறிப் பார்த்தால் எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே நிழலே இருக்காது, பேனலுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்றுதான் தோன்றும். மார்கழியில் அதே இடத்தைப் பாருங்கள். நடுப்பகலிலேயே ஆறடித் தொட்டிக்கு நாலடி நிழல் வடக்கே விழும், காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் இன்னும் நீளம். வரிசையாகக் கோர்த்த பேனல்களில் ஒன்றின் ஓரத்தில் நிழல் பட்டால் அந்த ஒன்றோடு போகாது, மொத்த வரிசையின் விளைச்சலும் அடிவாங்கும். எங்களிடம் விலை சொல்ல வந்தவர் வந்தது வைகாசியில். தொட்டிக்கு வடக்கே ஒட்டிக் கோடு போட்டுவிட்டுப் போனார். நாங்கள் அதைத் தொட்டிக்குத் தெற்கே மாற்றிவிட்டோம். பக்கத்து மனை காலியாக இருந்தால் அங்கே நாளைக்கு மாடி எழும்புமா என்றும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஸ்டாண்டு. ஒரு பேனல் ஏழரை அடி நீளம், கிட்டத்தட்ட 28 கிலோ. பத்து டிகிரி சாய்வில் தெற்கு பார்த்து நிற்கும் ஆறு பேனலுக்கு அடியில் ஆடிக்காற்று புகுந்தால் என்ன இழுவை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் மாடியில் தட்டோடு பதித்திருக்கிறது, அதில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்கினால் ஐப்பசி மழையில் கீழ் அறையில் ஒழுகும். ஓட்டை போடாமல் கான்கிரீட் கட்டை வைத்து அதில் காலை நிறுத்தச் சொல்லியிருக்கிறோம், அந்தக் கட்டையைத் தம்பி நின்று போடுவான். காலுக்குப் பெயின்ட் அடித்த இரும்பு வேண்டாம், உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கால்வனைஸ்டு இரும்பு வேண்டும். எர்த் குழியும் அவன் பொறுப்பு: பேனல் சட்டத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று.

அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி, சோலார் போட்டால் கரண்ட் போகாதா என்று. போகும். மானியத்தில் வருகிற சாதாரண இன்வெர்ட்டர், ஈபி கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவர் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அதனால் பழைய பேட்டரி இன்வெர்ட்டரைக் கழற்றப் போவதில்லை. கழுவுவதற்கும் போர் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், அப்புறம் தேய்த்தாலும் லேசில் போகாது.

தன் கையாலேயே ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்ற அவன் ஆசைக்கு மேலூர் பக்கம் மாமா தோட்டத்து மாட்டுக்கொட்டகை இருக்கிறது. 12 வோல்ட் பேனல் ஒன்று, பேட்டரி, பேட்டரி அளவோடு சார்ஜ் ஆகப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ் கன்ட்ரோலர், இரண்டு எல்ஈடி பல்பு, ஒரு டிசி ஃபேன். அந்த வோல்டேஜ் ஆளை அடிக்காது, ஈபி லைனோடு சம்பந்தமும் இல்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி ஃபியூஸ் போட வேண்டும், கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியையும் பிறகு பேனலையும் இணைக்க வேண்டும், இந்த இரண்டையும் விடாமல் செய்தால் போதும். சாமான் வாங்கி வைத்துவிட்டான்.

வீட்டுச் சோலாருக்கு இப்போது தடங்கல் பேனலிலோ கூரையிலோ இல்லை. ஈபி இணைப்பு இன்னும் காலமான என் மாமனார் பெயரிலேயே இருக்கிறது, மானியம் கேட்பவர் பெயரும் இணைப்பின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எடுத்து வைத்தாயிற்று. பெயர் மாற்றம் முடிந்ததும், ஈபியிலிருந்து எடுப்பதையும் நாம் அனுப்புவதையும் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டருக்கு விண்ணப்பம், அட்வான்ஸ் அதற்குப் பிறகுதான்.