முதலீடு வேண்டாம்ணா, ஆர்டர் கொடுங்க

போன மாதம் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்துக் கீழே இறங்கும்போது கடைசி வருடம் படிக்கும் பையன் ஒருவன் வந்து, "அண்ணா, கோயமுத்தூரிலேயே கம்பெனி ஆரம்பிச்சா ஃபண்டிங் கிடைக்குமா, இல்ல பெங்களூர் போயிடணுமா?" என்று கேட்டான். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அவனுக்கு முழுசாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஸ்பின்னிங் மில் மோட்டார்களில் பேரிங் போகப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும் சின்னக் கருவி ஒன்றை நானும் என் நண்பனும் சேர்ந்து செய்கிறோம். காலங்காலமாக மில்லில் இந்த வேலையைச் செய்வது ஃபிட்டரின் காதுதான். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். "இன்னும் பத்து நாள் தாங்கும்" என்று அவர் சொன்னால் பத்து நாள்தான் தாங்கும். அப்படிக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, அந்த இடத்துக்குப் புது ஆள் வருவதில்லை. எங்கள் தொழில் பிறந்தது அந்த இடைவெளியில்தான்.

முதல் கருவிக்குப் பெட்டியை த்ரீடி பிரிண்டரில் அடித்தோம். மேசை மேல் பார்க்க அழகாக இருந்தது. மில்லில் மாட்டி ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் இளகித் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், ஓடும் மோட்டாரின் உடம்போ அதைத் தாண்டிச் சுடும். அலுமினியத்தில் வார்க்க வேண்டும் என்றால் டை என்கிற வார்ப்பு அச்சு வேண்டும், டைக்குக் கையில் காசில்லை. ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறைக்காரர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டி சுவர் இவ்வளவு தடிமன் தேவையில்லை என்று பென்சிலால் இரண்டு இடத்தில் திருத்தினார். அப்புறம் சொன்னார்: "டை காசை இப்பத் தர வேண்டாங்க தம்பி. பீஸுக்கு இவ்வளவுன்னு சேத்துப் போட்டுக்கறேன். உங்களுக்கு ஓடுச்சுன்னா எனக்கும் ஓடும்."

எங்கள் கம்பெனியில் விழுந்த முதல் முதலீடு அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். பிபிடி கிடையாது, கம்பெனிக்கு மதிப்புப் போடும் வேல்யுவேஷன் கிடையாது. பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் செய்து பழகிய ஊரில், புதுசாக ஒன்றைச் செய்கிறவனுக்குப் பட்டறையில் கிடைக்கும் கடன் பெரிய வரம். பெங்களூரில் போய் அதைத் தேடிப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

சரி, ஃபண்டிங்குக்கு வருகிறேன். ஊரில் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. நிறைய இருக்கிறது. ஆனால் அது பழகிய கணக்கு வேறு. மில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரிங்க தம்பி, வட்டி எவ்வளவு போடுவீங்க? எப்பத் திருப்புவீங்க?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவர் பணம் போட்டதெல்லாம் நிலத்தில், மிஷினில், நூலில். எது நஷ்டமானாலும் விற்க ஏதாவது மிஞ்சும். எங்கள் கம்பெனி முழுகினால் மிஞ்சுவது நாலு சர்க்யூட் போர்டு.

பங்கு என்றால் என்ன என்று புரிந்தவர்களிடம் வேறு சிக்கல். ஒருவர் 20 லட்சம் தருவதாகவும் 40 சதவீதம் வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அன்று கை நடுங்கியது, ஏனென்றால் சம்பளம் கொடுக்க அந்த மாதம் பணமில்லை. நண்பன்தான் கணக்குப் போட்டுக் காட்டினான். மிச்சம் 60. அடுத்த முதலீட்டுச் சுற்றில் 20 சதவீதம் கொடுத்தால் எங்கள் இருவருக்கும் சேர்த்து 48. இரண்டாவது சுற்றிலேயே பாதிக்குக் கீழே போய்விட்ட ஆட்களை நம்பி மூன்றாவது ஆள் எதற்குப் பணம் போடுவான்? நல்ல மனசோடு நீட்டிய பணம்தான், ஆனால் வாங்கியிருந்தால் கம்பெனியின் கழுத்தில் கல்லைக் கட்டியது மாதிரி ஆகியிருக்கும்.

இன்னொன்று, நம்ம ஊரில் முதலீட்டாளரைச் சம்மதிக்க வைப்பதற்கு முன்னால் அவருடைய ஆடிட்டரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். புதுக் கம்பெனி அதன் நியாய மதிப்புக்கு மேல் வாங்கிய முதலீட்டை வருமானமாகக் கணக்கிட்டுப் போட்ட ஏஞ்சல் வரி 2012இல் வந்தது, அதனால் நிறைய ஆடிட்டர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள் என்று தங்களிடம் கணக்குப் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அந்த வரியை 2024 ஜூலை பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடு. கம்பெனிக்கு இப்போதே மதிப்பு போடத் தயங்குகிறவரிடம், இப்போது கடனாகத் தந்து பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் கன்வர்டிபிள் நோட் பற்றிப் பேசலாம், ஒருவர் ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் போட வேண்டும், பங்காக மாற்றவோ திருப்பித் தரவோ 10 வருடம் அவகாசம் உண்டு.

புதுக் கம்பெனிகளுக்குத் தமிழ்நாடு அரசு தரும் தொடக்க நிதியான டான்சீட்டுக்கும் விண்ணப்பம் போடு. 10 லட்சம் என்பது ஹார்டுவேர் செய்கிறவனுக்குப் பெரிய மூச்சு. ஆனால் அதை நம்பிச் சம்பளத் தேதி குறிக்காதே.

இதையெல்லாம்விட எங்களைக் காப்பாற்றியது ஒரு பர்ச்சேஸ் ஆர்டர். 40 கருவி, பாதி அட்வான்ஸ். அந்த மில்லின் ஃபிட்டர், பேரிங் போகப்போகிறது என்று எங்கள் கருவி காட்டிய மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டுவிட்டு, "ஆமாங்க, கரகரங்குது" என்று மேனேஜரிடம் சொன்ன அன்று சாயங்காலம் கிடைத்தது. வட்டியும் இல்லை, பங்கும் இல்லை. இதே ஊர்ப் பெயரைத் தாங்கிய கோவை.கோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011இல் தொடங்கியதிலிருந்து வெளி முதலீடு வாங்காமல், வாடிக்கையாளர் கொடுத்த காசிலேயே வளர்ந்தது. 2025இல் 140 ஊழியர்களுக்கு 14.5 கோடி ரூபாய் போனஸ் அறிவித்ததும் அவர்கள்தான். மென்பொருளுக்கு வாடிக்கையாளர் உலகம் முழுக்க. எங்களுக்கு அவிநாசி ரோட்டிலேயே.

ஆனால் அதே ரோட்டில்தான் அடியும் வாங்கினோம். இன்னொரு மில்லில் சரக்கைக் கொடுத்து, பில் பாஸாகி, ஏழு மாதம் பணம் வரவில்லை. அம்மாவின் வளையல் பேங்க்குக்குப் போனது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டமே சொல்கிறது, தாமதித்தால் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து, கெடு தாண்டினால் பணத்தைக் கொடுக்கும்வரை சரக்கு வாங்கியவர் அந்தச் செலவைத் தன் வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. புகார் கொடுக்கலாம். கொடுக்கவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாகவோ சிநேகிதமாகவோ இருக்கிற ஊரில் ஒரு மில் மேல் புகார் கொடுத்தவனுக்கு அடுத்த பத்து மில்லின் கேட் திறக்காது.

அதனால் ஊர்ப் பெரியவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். எங்களுக்கு 20 லட்சம் போட்டு 40 சதவீதம் எடுக்க வேண்டாம். அதில் 4 லட்சத்துக்கு ஆர்டர் கொடுங்கள். பாதி அட்வான்ஸ், மீதி 45 நாளில். சாமான் சரியில்லை என்றால் திட்டித் திருப்பி அனுப்புங்கள், சரி செய்து கொண்டுவருகிறோம்.

அப்புறம் தம்பி, உன் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். நீ செய்து வைத்திருப்பதாகச் சொன்ன அந்த வால்வை எடுத்துக்கொண்டு வா. சனிக்கிழமை காலையில் பட்டறை அண்ணன் ஃப்ரீயாக இருப்பார், நானே கூட்டிப்போகிறேன்.