பழைய டெஸ்க்டாப்பில் கானா பதிவு: இதுவரை செய்தது

காசிமேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் கானா பதிவு செய்வதற்காக ஒரு பழைய டெஸ்க்டாப்பைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். பாடுவது சித்தப்பா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பாடுகிறார். சாவு வீடுகளில் விடிய விடிய அவர் பாடியதெல்லாம் யார் யாரோ போனில் எடுத்த வீடியோவாகத்தான் இருக்கிறது. அதில் டோலக் அடி விழும்போதெல்லாம் சத்தம் உடைந்து, குரல் உள்ளே போய்விடும். அவர் தொண்டை நன்றாக இருக்கும்போதே ஒழுங்காக எடுத்து வைத்துவிட வேண்டும். மணிக்கணக்கில் ஸ்டூடியோ வாடகை கட்ட வசதியில்லை. மைக், இன்டர்ஃபேஸ் (மைக்கை கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), கம்ப்யூட்டர் வேலை எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குள் முடிக்கலாம் என்று இறங்கினேன்.

மெஷின் ஒரு ஆபீஸில் கழித்துவிட்டது. இன்டெல் ஐ5 4570, 2013-ல் வந்த ப்ராசஸர், நாலு கோர். 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். ரெக்கார்டிங்குக்கு ரீப்பர் என்ற மென்பொருளைப் போட்டேன். 60 நாள் எல்லா வசதியோடும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு லைசென்ஸ் வாங்கலாம். பத்து டிராக் (தனித்தனியாக எடுத்த ஒலிவரிசை) ஏறியதும் கரகரவென்று சத்தம் வெட்டியது. ப்ராசஸர் பழசு, அதை மாற்று என்றுதான் கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் ப்ராசஸர் பாதிகூட வேலை செய்யவில்லை. ரேம்தான் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. ரேமில் இடம் இல்லாதபோது விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் தள்ளி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். அந்த இடைவெளியில்தான் சத்தம் வெட்டுகிறது.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம். அங்கே செகண்ட் ஹேண்ட் டி.டி.ஆர்.3 ரேம் 8 ஜி.பி. இரண்டு வாங்கினேன். ரேமை ஒரே துண்டாகப் போடுவதைவிட ஒரே அளவில் இரண்டாகப் போடுவது நல்லது. டூயல் சேனலில் இரண்டு வழியிலும் டேட்டா போய்வரும். பழைய ரேம் வாங்கினால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள். ரெக்கார்டிங் நடுவில் மெஷின் நின்றால் பாட்டு போச்சு.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு வேலையும் இருந்தது. பழைய ரேமைக் கழற்றியபோது அதன் பொன்னிறப் பற்கள் மேல் மங்கலாக ஒரு படலம். கடற்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். புதிதாக வாங்கிவந்த இரண்டுக்கும் அதையே செய்துதான் ஸ்லாட்டில் போட்டேன். முன்பு அடிக்கடி பீப் அடித்துக்கொண்டு ஆன் ஆகாமல் இருந்த மெஷின் அதற்கப்புறம் தகராறு செய்யவில்லை.

அடுத்தது எஸ்.எஸ்.டி. ரெக்கார்டிங்குக்கு எஸ்.எஸ்.டி. இல்லாமல் முடியாது என்று சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட், ஒரு மோனோ டிராக் என்றால் நிமிடத்துக்கு சுமார் 8 எம்.பி.தான். பத்து டிராக் ஒன்றாக ஓடினாலும் நொடிக்கு ஒன்றரை எம்.பி.யைத் தாண்டாது. எந்த ஹார்ட் டிஸ்க்கும் அதைத் தாங்கும். நான் மாற்றியது வேறு காரணத்துக்காக. ஹார்ட் டிஸ்க் சுற்றும் சத்தம் மைக்கில் விழுகிறது, எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பாகமே கிடையாது. ஹார்மோனியம் சாம்பிள் (முன்பே பதிவுசெய்து வைத்த வாத்திய ஒலி) சட்டென்று லோட் ஆவது கூடுதல் லாபம். பழைய டிஸ்க்கை வெளியே ஒரு கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது ஃபேன் சத்தம். தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்ததில் பாதி குறைந்தது. மீதிக்கு சி.பி.யூவையே சமையலறைப் பக்கம் தள்ளி, நடுவில் கதவைச் சாத்திவிட்டேன். இன்டர்ஃபேஸை சி.பி.யூவோடு இணைக்கும் யூ.எஸ்.பி. 2.0 கேபிள் 5 மீட்டர் வரை தாங்கும், எனக்கு 3 மீட்டரே போதுமாக இருந்தது.

இனிதான் முக்கியமான இடம். இன்டர்ஃபேஸ் வாங்கும் முன் மதர்போர்டின் சவுண்ட் சாக்கெட்டிலேயே ஒரு மைக்கைச் செருகி சித்தப்பாவைப் பாடவைத்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “இன்னாடா, நான் பாடி முடிச்சதும் பின்னாடியே இன்னொருத்தன் பாட்றான்?” என்றார். அவர் குரல் கம்ப்யூட்டருக்குள் போய், திரும்ப அவர் காதுக்கு வருவதற்குள் தாளமே தப்பிவிடுகிறது. கானாவில் அடிக்கும் சொல்லுக்கும் நடுவே அந்த இடைவெளி இருந்தால் யாராலும் பாட முடியாது.

அதனால் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் இன்டர்ஃபேஸுக்கே கொடுத்தேன். பெரிங்கர் யூ.எம்.சி. 202 ஹெச்.டி. இரண்டு மைக் போடலாம், 24 பிட், கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட்டும் தரும். சொந்தமாக ஆசியோ டிரைவர் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். ஆசியோ என்பது ஸ்டைன்பர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த முறை. சத்தம் விண்டோஸின் மிக்ஸர் வழியாகச் சுற்றாமல் ரெக்கார்டிங் மென்பொருளுக்கு நேராகப் போகும். பஃபரை, அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கையை, 512 வைத்தால் ஒரு வழிக்கு 11.6 மில்லி செகண்ட், 128 வைத்தால் 2.9. போகவர இரண்டு மடங்கு, அதோடு கொஞ்சம் டிரைவர் செலவு. காற்றில் சத்தம் 3 மில்லி செகண்டில் சுமார் ஒரு மீட்டர் போகிறது. டோலக்காரரிடமிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து பாடினால் எவ்வளவு தாமதமோ அவ்வளவுதான், அது பாடுபவர்களுக்குப் பழக்கமான தூரம்.

ஆனால் 128 வைத்ததும் டிக் டிக் என்று வெட்ட ஆரம்பித்தது. தாமதம் எங்கே வருகிறது என்று காட்டும் லேட்டன்சிமான் மென்பொருளை ஓட்டிப் பார்த்ததில் வைஃபை டிரைவர்தான் நடுநடுவே ப்ராசஸரைப் பிடித்துவைத்திருந்தது. ஒரு பஃபர் நிரம்புவதற்குள் அடுத்ததைத் தயார் செய்ய வேண்டும், 2.9 மில்லி செகண்டில் ஒரு டிரைவர் குறுக்கே வந்தாலும் சத்தம் அறுந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் வைஃபையை நிறுத்தினேன். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, யூ.எஸ்.பி. தூங்கப் போகிற வசதியையும் அணைத்தேன். வெட்டு நின்றது. காசு செலவில்லாத இந்த வேலை தந்த பலனை எந்த ப்ராசஸரும் தந்திருக்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது, இந்த ப்ராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அதனாலும் இந்த மெஷினை நெட்டில் சேர்ப்பதில்லை, பாட்டை பென் டிரைவில் எடுத்துக்கொள்கிறேன். மிக்ஸ் செய்யும்போது பஃபரை 1024-க்கு ஏற்றிவிடுவேன், அப்போது யாரும் பாடுவதில்லையே.

மறுபடி பாடவைத்தேன். “இப்பதான்டா என் குரலு என் வாயாண்ட இருக்குது” என்றார் சித்தப்பா. அன்றைக்கு நிறுத்தாமல் பாடினார்.

அப்புறம் இரண்டு இரைச்சல்கள். ஒன்று ஹெட்ஃபோனில் ஓயாத ‘ம்ம்ம்’. சி.பி.யூவின் இரும்பைத் தொட்டால் விரலில் லேசாகச் சுர்ரென்றது. பிளக்கின் மூன்றாவது பின்னுக்கு எர்த் இணைப்பே இல்லை, பழைய வீடுகளில் இது சகஜம். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுத்ததும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அடங்கியது. சத்தத்துக்காக மட்டும் இல்லை, உயிருக்காகவும் இதை முதலில் பாருங்கள். இன்னொன்று ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் உறுமல். நள்ளிரவிலும் ஓயாது. குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை பாஸ் ஃபில்டரில் வெட்டிவிடுகிறேன். டோலக்கில் அப்படி வெட்ட மனம் வரவில்லை, பேஸ் பக்கத்து அடி மெலிந்துபோகும்.

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கச் சொன்னார்கள், ஆடியோவுக்கு அதனால் பயன் இல்லை. ஐ7-ம் இப்போதைக்கு வேண்டாம். எஃபெக்ட் அதிகமானால் அந்த டிராக்கை ரீப்பரில் ஃப்ரீஸ் செய்துவிட்டால் (எஃபெக்ட்டோடு சேர்த்தே ஆடியோவாக மாற்றிவைத்தால்) ப்ராசஸர் சுமை இறங்கிவிடுகிறது.

அடுத்து வாங்க வேண்டியது ஒரு சின்ன யூ.பி.எஸ்., டோலக்குக்கு இன்னொரு மைக். இப்போது டோலக்கை முதலில் எடுத்து, அதன்மேல் பாடவைக்கிறேன். அது முழுசாக வரவில்லை. கானாவில் பாடுபவர் இழுத்தால் டோலக்காரர் காத்திருந்து அடிப்பார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால்தான் அது நடக்கும். மைக் வந்ததும் இருவரையும் எதிரெதிரே உட்காரவைக்கப் போகிறேன். கார்டியாய்டு மைக் முதுகுப் பக்கத்துச் சத்தத்தைக் குறைத்தே எடுக்கும். சித்தப்பாவின் மைக்குக்கு டோலக் முதுகுப்புறம் வரும், இரண்டும் தனித்தனி டிராக்கில் ஓரளவு சுத்தமாக விழும்.