அருளானந்தர் பிறந்த ஊரில் ஒரு மெழுகுதிரி

எனக்கு நான்கு வயதில் விஷக்காய்ச்சல் கண்டு, வைத்தியர் கையை விரித்துவிட்ட நிலையில், அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) மறைசாட்சியாகக் கொல்லப்பட்ட ஓரியூருக்கு நடந்தே போயிருக்கிறார். அங்கே அவர் சிந்திய இரத்தத்தால் சிவந்ததாக நம்பும் செம்மண்ணை அள்ளி என் நெற்றியிலும் நெஞ்சிலும் பூசி, "பிள்ளையப் பிழைக்க வையும் சாமி, நீர் பிறந்த ஊருக்கே இவன அனுப்பித் திரி ஏத்த வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டாராம். சாமி பிறந்த ஊர் எது, அது எத்தனை கடலுக்கு அப்பால் இருக்கிறது என்பதெல்லாம் திருவாடானையைத் தாண்டாத அம்மாவுக்குத் தெரியாது. காய்ச்சல் விட்டது, நேர்ச்சை மட்டும் ஐம்பத்தேழு ஆண்டுகளாகக் கடனாகவே நின்றது.

பணி ஓய்வு பெற்ற பிறகு, பாத்திமா, லூர்து திருத்தலங்களுக்குச் செல்லும் குழு ஒன்றில் பெயர் கொடுத்தேன். பயணம் தொடங்குவது போர்ச்சுகலின் லிஸ்பனில் என்று கேட்டதுமே எனக்கு உடல் சிலிர்த்தது. 1647 மார்ச் 1 அன்று அருளானந்தர் பிறந்தது அந்த நகரில்தானே! ஆனால் நிகழ்ச்சி நிரலில் லிஸ்பனுக்கு ஒதுக்கியிருந்தது அரை நாள். அதிலும் பெலேம் கோபுரத்தை ஒரு பார்வை, கடைவீதியில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அருளானந்தர் கோவிலையும் சேர்க்க முடியுமா என்று கேட்டதற்கு, ஒருவருக்காக முப்பது பேர் காத்திருக்க முடியாது என்று பதில் வந்தது. எனவே நானே தனியாகச் சீட்டு எடுத்து, குழுவுக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய் இறங்குவது என்று முடிவு செய்தேன். இந்த வயதில் மொழி தெரியாத ஊரில் தனியாகவா என்று மகள் மூன்று நாள் பேசவில்லை. அம்மா மறுபேச்சுப் பேசாமல் தம் கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றிக் கொடுத்தார். ஆண்டுதோறும் ஓரியூர் மண்ணில் வைத்து எடுத்ததால் அதன் நூல் முழுவதும் செந்நிறம் ஏறியிருந்தது. கூடவே ஓரியூரில் வாங்கிய மெழுகுதிரி ஒன்றையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

இறங்கிய நாள் களைப்பிலேயே கழிந்தது. மறுநாள் காலையில் முதலில் அந்தோணியாரைப் பார்த்துவிட்டு, மாலையில் அருளானந்தரிடம் போவது என்று கிளம்பினேன். புளியம்பட்டியிலும் உவரியிலும் பதுவைப் புனிதர் என்று நாம் கும்பிடும் அந்தோணியாரும் லிஸ்பன் பிள்ளைதான். இங்கே பதுவை அந்தோணியார் என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு அவர் லிஸ்பன் அந்தோணியார்.

அல்ஃபாமா மேட்டுக்குப் போகும் மஞ்சள் டிராமில் ஏறியதுதான் நான் செய்த தவறு. பங்குனி உத்திரக் கூட்டத்தில் பழனிப் பேருந்தில் ஏறியதைப் போல, ஒரு காலை வைக்க மட்டுமே இடம் கிடைத்தது. பை திருடர்கள் இருக்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் எச்சரித்திருந்ததால், ஒரு கையைப் பணப்பையின்மேல் வைத்துக்கொண்டு மறு கையால் தொங்கினேன். இறங்கியதும் நம் ஊர் ஆட்டோவைப் போன்ற வண்டிகளை நிறுத்திக்கொண்டு நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஐம்பது அடி தூரத்தில் தெரிகிற கோவிலுக்கு அழைத்துப்போக ஒருவர் விலை பேசினார். கோவில் வாசல்களில் நிற்கும் இந்தப் பிழைப்புக்குத் தேச வேறுபாடு கிடையாது போலும். அவர்களிடமிருந்து விலகி வரும்போது கோட்டுப் பையில் கையை விட்டேன். பணப்பை இருந்தது. செபமாலை இல்லை.

அந்த நிமிடத்தை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. மழை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களைப் பதித்த அந்த நடைபாதை, மழையில் எண்ணெய் தடவியதைப் போல வழுக்கும். டிராம் போன தடத்திலேயே, மூட்டுவலியோடு, தரையைப் பார்த்தபடி கீழே வரை இறங்கினேன். ஓரிடத்தில் வழுக்கி உட்கார்ந்தும் விட்டேன். கறுப்புச் சால்வை போர்த்திய ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நான் விரல்களால் மணி உருட்டிக் காட்டி, தொலைந்தது என்று சைகை செய்ததும், அவர் மேட்டைக் காட்டி "சாந்து அந்தோனியு" என்றார். தொலைந்ததைத் தேடித் தரும் புனிதரிடம் போய்ச் சொல் என்று எங்கள் ஊர்க் கிழவி சொல்வதைப் போலவே இருந்தது. மறுபடியும் ஏறினேன்.

அந்தோணியார் பிறந்த வீடு இருந்த இடத்தில்தான் அந்தக் கோவில் நிற்கிறது. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாளன்று வந்த நிலநடுக்கத்தில் பழைய கோவில் இடிந்தபோது நிலவறை மட்டும் தப்பியது. மேலே கட்டிய கோவிலுக்குச் சிறுவர்கள் தெருத்தெருவாக "அந்தோணியாருக்கு ஒரு காசு" என்று கேட்டுப் பிரித்த பணமும் சேர்ந்ததாம். நிலவறைக்கு இறங்கும் வழியில், 1982-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் (ஜான் பால்) வந்து செபித்ததை ஓடுகளில் படமாகப் பதித்திருக்கிறார்கள். எனக்கு அன்று எதையும் நின்று பார்க்கும் மனம் இல்லை. கொடி பிடித்த வழிகாட்டி ஒருவர் பின்னால் ஒரு கூட்டம் படியை அடைத்துக்கொண்டு நிற்க, அவர்களை ஒதுக்கிக்கொண்டு இறங்கினேன்.

கீழே சின்னஞ்சிறு அறை, ஒரு கல் பீடம். மூட்டுவலியால் பத்து ஆண்டுகளாக நான் எங்கும் முழந்தாளிடுவதில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவேன். அன்று யோசிக்காமல் கல் தரையில் முழங்காலை மடக்கினேன். "அந்தோணியாரே, அது என் பொருள் இல்லை, என் தாயின் பொருள்" என்றுதான் சொல்ல வந்தது. அப்போது வலது தொடையில் ஏதோ கூராகக் குத்தியது. கோட்டின் ஓரத்தைத் தடவினேன். பையின் தையல் விட்டு, செபமாலை நழுவி, கோட்டின் துணிக்கும் உள்துணிக்கும் இடையே அடிவரை இறங்கிக் கிடந்திருக்கிறது. குத்தியது அதன் பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவை. நின்றுகொண்டே கும்பிட்டிருந்தால் தெரிந்திருக்காது. என்னை முழந்தாளிட வைத்துக் கொடுத்தார் அந்தோணியார். உள்துணியை விரலால் கிழித்து அதை வெளியே எடுத்தபோது வாய்விட்டு அழுதேன். வழிகாட்டியின் கூட்டம் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். அய்யா அந்தோணியாரே, உமக்கு நான் எத்தனை செவ்வாய்க்கிழமை வந்தாலும் இது தீராது! எழுந்து மேலே வந்து, பக்கத்திலேயே இருந்த பேராலயத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றதாகச் சொல்லும் தொட்டியைப் பார்த்தேனா, பார்த்தது அதைத்தானா என்பதுகூட இப்போது தெளிவாக நினைவில் இல்லை.

மாலையில் மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஏறி அல்வலாத் நிலையத்தில் இறங்கினேன். அங்கே சதுக்கத்தில் நின்றவரும் அந்தோணியார்தான், சிலையாக! அங்கிருந்து கோவில் சாலை என்றே பெயர் கொண்ட சாலை வழியாக நடந்தால் அருளானந்தர் கோவில். அவர் 1947-இல் புனிதர் பட்டம் பெற்ற பிறகு எழுந்த கோவில் என்பதால் பழமையின் பகட்டு எதுவும் இல்லை; சுற்றுலாக் கூட்டமும் இல்லை. பூசை முடிந்து நான்கைந்து பாட்டிமார் மட்டும் செபித்துக்கொண்டிருந்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தபோது இன்னொரு தாயின் நினைவு வந்தது. அரண்மனையில் வளர்ந்த சிறுவன் அருளானந்தர் நோயில் விழுந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஓராண்டு சேசு சபையாரின் அங்கியை உடுத்த வைக்கிறேன் என்று சவேரியாருக்கு நேர்ந்துகொண்டவர் அவருடைய தாய். மறவ நாட்டில், நம் இராமநாதபுரச் சீமையில், பட்ட பாட்டுக்குப் பின் 1687-இல் அருளானந்தர் இந்த ஊருக்குத் திரும்பி வந்தபோது, இங்கேயே இருந்து என் பிள்ளைக்கு ஆசிரியராகும் என்று மன்னரே கேட்டார். அவர் இணங்கவில்லை. 1690-இல் மீண்டும் கப்பலேறினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை விழுந்தது. இந்த ஊரில் சுகமாக இருந்திருக்கலாமே சாமி, எங்களுக்காகவா வந்தீர் என்று கேட்டுக்கொண்டே பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த துணிப்பொதியைப் பிரித்தேன். மெழுகுதிரி நடுவில் முறிந்து, திரிநூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கோவிலைக் கவனித்துக்கொள்ளும் கோவில்பிள்ளை ஒரு முதியவர். இந்த ஊரின் பல கோவில்களில் காசு போட்டால் எரியும் மின்திரிகள்தாம். என் திரியைப் பார்த்ததும் அவர் தலையசைத்து மறுத்தார். கைப்பேசியில் ஓரியூர்ச் செம்மண் மேட்டின் படத்தைக் காட்டி, "இந்தியா, ஓரியூர், ழுவாவு தெ பிரித்து" என்று அருளானந்தரின் பெயரை அவர்கள் மொழியில் சொல்லிச் செபமாலையை நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதன் சிவந்த நூலை விரலால் தேய்த்தார். விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பீங்கான் தட்டும் தீப்பெட்டியும் கொண்டுவந்தார். முறிந்த இடத்தைத் தீக்குச்சிச் சுடரில் இளக்கி, இரண்டு துண்டுகளையும் அழுத்தி ஒட்டி, ஆறும்வரை தம் கையிலேயே பிடித்திருந்தார். பீடத்தருகில் வைத்து என்னை ஏற்றச் சொன்னார். நான் அருள் நிறைந்த மரியே சொல்ல, அவர் தம் மொழியில் அதையே சொன்னார். ஆமென் மட்டும் இருவருக்கும் ஒன்றாக வந்தது.

வெளியே வந்து அம்மாவை அழைத்தேன். ஊரில் இரவு பதினொன்று தாண்டியிருந்தும் விழித்திருந்தார்.

"திரி முழுசா எரிஞ்சுச்சா ராசா?"

கோவில் சாத்தும் நேரமாகிவிட்டதால் பாதியில் அணைத்து வைத்திருக்கிறார், காலைப் பூசைக்கு மறுபடி ஏற்றுவாராம் என்றேன்.

"அப்ப காலையிலயும் போயி நில்லு. பாதி நேர்ச்சை நேர்ச்சை ஆகாது."

மறுநாள் காலையில்தான் குழு விமான நிலையத்தில் இறங்குகிறது. நான் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. பாத்திமா புறப்படும்போது பேருந்தில் ஏறிக்கொள்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். பொறுப்பாளர் சினந்துகொண்டார் என்று பின்னர் சொன்னார்கள். அவர்கள் பெலேம் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒட்டுப்போட்ட இடத்தைத் தாண்டி எரிந்த திரி தட்டில் உருகிக் கரையும்வரை நான் அருளானந்தர் முன் முழந்தாளில் இருந்தேன்.